மாடிப்படிச் சுவரின் விரிசல்

சுவர் விரிசலை அடைக்கிற நல்ல பட்டி காய ஒரு நாள் ஆகும், ஐயா. அவசரப்பட்டு மேலே பெயின்ட் அடித்தால் பல்லை இளித்துவிடும். முப்பது வருடமாகப் பெயின்ட் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக நகராட்சி அறிவித்ததும், அதைக் காப்பாற்ற ஒரு குழு ஆரம்பித்தோம். கீழே கடை வைத்திருந்த என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் வாங்க நாயாய் அலைந்தேன். கூட்டத்தில் முழுக்கடிதம் படிக்க நேரம் தரமாட்டார்கள். ஆளுக்கு ஒரு வரி, எதிர்ப்பா ஆதரவா, அவ்வளவுதான்.

இரண்டாம் மாடித் தையல்காரம்மா கடைசியாகக் கொடுத்தார்.

"அண்ணே, நானும் இங்கயேதான் இருக்கணும்னு எழுதியிருக்கேன். கீழ அந்த விரிசலையும் எழுதியிருக்கேன், அதையும் படிச்சிடுங்க. மாடிப்படிச் சுவத்துல விரலே உள்ள போகுது. பொண்ணு தினமும் அதுலதானே ஏறி எறங்குறா."

"படிச்சிடறேம்மா, கவலைப்படாம போங்க" என்றேன்.

முதல் வரியை மட்டும் படித்தேன். விரிசல் என்ற பேச்சு வெளியே வந்தால் மறுநாளே சீல் வைத்துவிடுவார்கள். நாற்பத்திரண்டு குடும்பம் தெருவில் நிற்கும். என் கடையும் போகும், அதை மறைக்கவில்லை.

பிறகு நகராட்சிப் பொறியாளர் கட்டடத்தைப் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் முன்பே நானே ஏணி போட்டு, விரிசலில் பட்டியைத் திணித்து, உப்புத்தாள் தேய்த்து, பழைய சுவரின் நிறத்தையே கலந்து அடித்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று பொறியாளர் அந்தச் சுவரில் தாளை வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

தையல்காரம்மா சுவரைத் தடவிப் பார்த்தார். "சரி பண்ணிட்டாங்களாண்ணே? வயித்துல பால வார்த்தீங்க."

ஆமாம் என்றேன்.

மழைக்காலத்தில், பள்ளிக்கூடம் விட்டுவந்த நேரத்தில் சுவர் சரிந்தது. தாயும் மகளும் படியில்தான் இருந்தார்கள். மீதிக் கட்டடத்தை இடிக்க நகராட்சிக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மற்ற குடும்பங்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டன.

விரிசலை மூடியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தம்மாவுக்கு அங்கிருந்து போக விருப்பமே இல்லை, ஐயா. அவர் விருப்பத்தைத்தான் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன்.