டைம் கீப்பர் ஐயா தூக்கிய விரல்

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அவர்களே, நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது முதலாம் ஆண்டில் சேர்ந்து எனக்குப் பயந்து பயந்து வணக்கம் வைத்தவரே, இன்று நான் பயந்து பயந்து வணக்கம் வைக்கும் நிலைக்கு உயர்ந்தவரே! பேராசிரியப் பெருமக்களே! என்னோடு ஒரே வகுப்பில் படித்துக்கொண்டு, என்னை ‘மாமா’ என்று கூப்பிட்டு மானத்தை வாங்கும் மாணவச் செல்வங்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியார் அம்மா அவர்களே! அம்மாவுக்குப் பக்கத்தில் வாயில் பஞ்சைக் கடித்தபடி என்னை முறைத்துக்கொண்டிருக்கும், மறைந்தவரின் தம்பி அவர்களே! எல்லோருக்கும் வணக்கம். அந்தப் பஞ்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது.

டைம் கீப்பர் ஐயா போய்விட்டார்! திங்கட்கிழமை காலை முகம் கழுவப் போன இடத்தில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

யார் இந்த ஐயா? பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் வண்டிகள் கிளம்பும் நேரம் பார்த்தவர். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடமே அவருடைய கடைசிப் பல்லும் ஓய்வு பெற்றது. நம் துறைக்கு ஒரு பல்செட் கட்டிக்கொள்ள வந்தார். பதினாறு வருடம் போகவே இல்லை. ஏன் போகவில்லை? செயற்கைப் பல் மேற்படிப்பு படிக்கிறவன் தேர்வு எழுதப் பேனா மட்டும் போதாது, பல்லே இல்லாத ஒரு வாய் வேண்டும். தேர்வாளர்களின் கண்முன்னால் அந்த வாயில் அளவெடுத்துப் பல் அடுக்கிக் காட்ட வேண்டும். அந்த வாயைத் தந்தவர் ஐயா! ஏழாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பதினேழு பேருக்குத் தந்தவர்! அவர்களில் இரண்டு பேர் இந்த மேடையில் இருக்கிறார்கள். தலை குனிய வேண்டாம், தலைவரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

அச்சுக் கலவையை வாயில் வைத்தால் அது இறுகும் நேரம் தெரிய வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் கிழியும். அதிகம் விட்டுவைத்தால் இறுகிப்போய் வெளியே வர மறுக்கும். நாமெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஐயா கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நேரம் ஆனதும் வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல எழும்பும். வண்டியை எடுக்கலாம் என்று அர்த்தம். ஒரு நாளாவது தவறியதுண்டா? ஒரே ஒரு நாளாவது?

இனி என் கதை. பதினெட்டு வருடம் ஊரார் பல்லைப் பிடுங்கிப் பிழைத்தவன் நான். நான் கட்டிக்கொடுத்த பல்செட்டுகள் வாயில் இருந்ததைவிடச் சட்டைப் பையில் இருந்த நேரம்தான் அதிகம். அந்த வெட்கம் தாங்காமல்தான் நாற்பத்தைந்து வயதில் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

முதல் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர்கள் இருவர் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஐயாவின் வாயில் பல்லுக்குப் பதிலாக மெழுகுக் கட்டைகள். “எச்சில் முழுங்கிட்டு மெதுவா கடிங்கய்யா” என்று சொல்லி, தாடை சேரும் இடத்தைக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கைக்கெட்டிய தண்ணீரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தேன். குடித்த பிறகுதான் தெரிந்தது, அது ஐயா வாய் கொப்பளிக்க வைத்திருந்த டம்ளர். ஐயா சிரித்துவிட்டார்! மெழுகு அந்தச் சிரிப்பிலேயே இறுகிவிட்டது. மறுநாள் அடுக்கிய பல்லை வைத்துப் பார்த்தால், கீழ்வரிசை வலப்பக்கம் அரைப் பல் தள்ளி நிற்கிறது. தேர்வாளர் கேட்டார்: “இவரு சிரிச்சா மட்டும்தான் சாப்பிட முடியும் போல இருக்கே, டாக்டர்?”

தோல்வி. இரண்டாவது முறை பல் அடுக்கும் முன்பே வாய்மொழித் தேர்வில் தோல்வி. அங்கே என் வாயே எனக்கு எமன். மூன்றாவது முறை இன்னும் பதினொரு நாளில். இதிலும் தவறினால் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்கை வாங்கியவர் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த நிலையில் திங்கட்கிழமை செய்தி வருகிறது. ‘ஐயோ, ஐயா’ என்றா கத்தினேன்? இல்லை. ‘ஐயோ, என் பரீட்சை’ என்று கத்தினேன். அம்மாவின் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். இப்படியும் ஒருவன் இருப்பானா? இருக்கிறான், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அன்று அம்மா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். கூடத்தில் ஐயா படுத்திருக்கிறார், பல் இல்லாமல் கன்னம் ஒடுங்கி. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, அதில் பதினேழு பல்செட்டுகள். “தம்பி, எதப் போட்டாலும் யாரோ மாதிரி இருக்காருப்பா. நீங்களே பாருங்க” என்றார் அம்மா. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் முதல் வகுப்பில் தேறியவர்கள் கட்டியவை. தலைவர் மன்னிக்க வேண்டும், உங்களுடையதை வைத்தபோது ஐயா வருமான வரி அதிகாரி மாதிரி இருந்தார். கடைசியில் அடியில் கிடந்தது என்னுடையது. தேர்வில் தோற்றது. வைத்தேன். உதடு வலப்பக்கமாக லேசாக ஏறியது. டம்ளரைப் பார்த்துச் சிரித்த அதே முகம்! “இதுதான்” என்றார் அம்மா. “இவருதான்.” ஐயா அதோடுதான் போனார். அன்றைக்கு மட்டும்தான் நான் தேறினேன், நண்பர்களே.

அப்போதுதான் அம்மா கேட்டார்: “ஒங்க பரீட்சை என்னாகும் தம்பி?” அந்த நிலையிலும் கேட்டார்! ஓரத்தில் நின்ற தம்பி ஐயா, பூட்டு பழுது பார்ப்பவர், பல் டாக்டர் என்றாலே ஆகாதவர், “ஏன்யா, பொக்க வாய் தேடுறியாமே? என்கிட்ட மூணு பல்லுதான் பாக்கி. நான் ஆக மாட்டேனா?” என்றார். குத்தலாகத்தான் கேட்டார் என்று நினைத்தேன். “ஒண்ணு இருந்தாலும் ஆகாதுங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

பாதியைத்தான் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை.

நேற்று முழுக்க ஆள் தேடினேன். நான் முன்பு பல் பிடுங்கிய ஒருவர், “புடுங்கினது பத்தாதுன்னு மறுபடி வாயத் தொறக்கச் சொல்றியா?” என்று கதவைச் சாத்தினார். தலைவரைக் கெஞ்சினேன். “அண்ணே, நாளைக்கு அஞ்சு மணிக்குப் பட்டியல மூடறேன். ஒங்க பேருக்கு நேரா ஒரு வாய் இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்லண்ணே.” அந்த ஐந்து மணி இன்று. இரங்கல் கூட்டத்தில் கொட்டாவி விட்ட கடைசி வரிசைப் பெரியவரே, உங்கள் வாயைக்கூட விடாமல் பார்த்துவிட்டேன். எட்டுப் பல் இருக்கிறது. வாழ்க.

இன்று காலை நான் துறைக்குள் நுழைகிறேன். ஏழாம் நாற்காலியில் தம்பி ஐயா சாய்ந்திருக்கிறார். வாயில் பஞ்சு. “மூணையும் எடுத்தாச்சு. ஒன்ன நம்பாம வேற எடத்துல எடுத்தேன். ஆரம்பிய்யா” என்றார். பஞ்சை விலக்கிப் பார்த்தேன். மூன்று குழி, மூன்றும் ரத்தமாக. “கூட்டம் முடியட்டுங்க” என்று சொல்லி ஓடி வந்துவிட்டேன்.

தம்பி ஐயா அவர்களே! தனியாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, முந்நூறு பேர் துணைக்கு இருப்பதால் சொல்கிறேன். அந்தப் புண் ஆறி ஈறு படிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பதினொரு நாளில் அந்த வாயில் நான் விரல் வைக்கக்கூடக் கூடாது. பத்திரமாக இருந்த மூன்று பல்லை என் பாதிப் பேச்சை நம்பி இழந்துவிட்டீர்கள். இதற்கு நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பேன்?

என்ன ஐயா? பஞ்சை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

“அடுத்த பரீட்சை எப்போ?” என்று கேட்கிறார். ஆறு மாதம், ஐயா.

“அப்ப எழுது. நான் எங்க போகப் போறேன், இந்த வாய வச்சுக்கிட்டு?”

கேட்டீர்களா? அவையோரே, கேட்டீர்களா? ஐயாவின் படத்தின் முன்னால் உறுதி கூறுகிறேன். நான் நான்காம் முறை எழுதுவேன். அந்த வாய்க்குப் பல் கட்டாமல் இந்தத் துறையை விட்டுப் போகமாட்டேன். வீட்டில் கொடுத்த வாக்கை இந்தச் சபையில் மீறுகிறேன். நான்காவது வரிசையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். வெளியே போகவா, மேடைக்கு வரவா என்று இங்கிருந்து தெரியவில்லை.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் முன்வரிசையில் பஞ்சைத் திரும்பக் கடித்துக்கொண்ட தம்பி ஐயா, வலது கை ஆள்காட்டி விரலை மெல்லத் தூக்குகிறார். அதே விரல், அதே உயரம்.

புரிந்தது, ஐயா. வண்டியை எடுத்துவிடுகிறேன். வணக்கம்.