ராஜாங்கம் பெயரில் இரண்டு சீட்டு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் குழந்தைவேல் அவர்களே, புருஷனைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தங்கச்சி காந்திமதியே, ஷிப்ட் முடித்து முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கும் நம் செட் ஜனங்களே, எல்லோருக்கும் சாமியம்மாளின் கும்பிடு.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் எனக்கு மறந்தும் பழக்கமில்லை. அதனால்தான் பயந்துகொண்டே நிற்கிறேன்.

நம் காண்ட்ராக்ட் செட்டில் முப்பத்திரண்டு பேர். நர்சரியில் செடிக்குத் தண்ணீர் விடும் வேலை என்றால் எல்லோரும் கை தூக்குவோம். தலைக்கு மேல் கரி ஏற்றி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதைக் குனிந்து வாரும் வேலைக்கு யார் கை தூக்கினோம்? அதனால் நாமே ஒரு வழக்கம் வைத்தோம். சனிக்கிழமை சாயங்காலம், இதே சைக்கிள் ஷெட்டில், ஒரு பிஸ்கட் டப்பா. ஆளுக்கொன்றாக முப்பத்திரண்டு சீட்டு. நாலு எடுப்பது. அந்த நாலு பேருக்கு அடுத்த வாரம் பெல்ட். பெயர் வந்த சீட்டை அவரவர் அந்த வாரம் முழுக்க வைத்திருந்து திருப்பிப் போட வேண்டும். பன்னிரண்டு வருடமாக அந்த டப்பாவைப் பிடித்த கை, நம் மேஸ்திரி அமரர் ராஜாங்கத்தின் கை!

புதிதாக வந்தவளுக்கு முதல் பெல்ட் வாரம் என்றால், கூடவே குனிந்து பாதி தூரம் போவார். "மேல பாக்காத, கரிய மட்டும் பாரு" என்பார். இதை இங்கே பத்துப் பெண்களாவது சொல்வார்கள்.

அந்தக் கையை நான் சபித்திருக்கிறேன். சபை நடுவில் சொல்கிறேன், சபித்திருக்கிறேன்! ஏழு வருடம் முன்பு சித்திரையில், மூன்று சனிக்கிழமை தொடர்ந்து என் பெயர். மூன்றாவது வாரம் அவர் சட்டையைப் பிடித்தேன். மஞ்சள் கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லை.

"எம்பேரு மட்டும் உங்கையில ஒட்டிகினு வருதா? உம்பேரு உள்ள இருக்குதா, இல்ல வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?"

"சீட்டுக்குக் கண்ணு இல்லக்கா."

"உனக்கு இருக்குதே!" என்றேன். அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

அந்த ஆவணியில் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். திரும்பி வந்த நாளிலிருந்து இன்றுவரை என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு தடவைகூட! திருவதிகை அம்மன் கண் திறந்தாள் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் நெய்விளக்கு போட்டேன். ராஜாங்கம் பெயரோ மாதம் தவறாமல் வந்தது. "மேஸ்திரிக்கு பெல்ட்டு அடியில பட்டா குடுத்துட்டாங்க" என்று நம் செட் லூசியம்மாள் சிரிப்பாள். "எல்லாம் என் வயித்தெரிச்சல். இன்னும் வரும் பாரு" என்பேன் நான், அவர் காதில் விழும்படி. அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

போன சனிக்கிழமையும் அவர் பெயர் வந்தது. நர்சரி வாரமாக இருந்தால் பஸ்ஸில் போயிருப்பார். பெல்ட் வாரம், அந்தப் பக்கம் பஸ் கிடையாது, சைக்கிளில் போனார். திங்கட்கிழமை காலை ஏழேகால். காற்று இல்லை, மழை இல்லை. செயின் கழன்றது. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தி மாட்டினார். மேலே பார்க்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், மேலே பார்க்காமல் குனிந்திருந்தார். கிளை விழுந்தது. பெல்ட்டுக்குப் பன்னிரண்டு வருடம் நடுங்கினோமே, மரத்துக்கு யார் நடுங்கினோம்? அந்தச் செயின் இன்னும் பத்தடி தள்ளிக் கழன்றிருக்கக் கூடாதா? அங்கேயே கழற்றிவிட்டது யார்?

புதன்கிழமை நீங்கள் டப்பாவை என்னிடம் கொடுத்தீர்கள். "நீதாங்கா எதையும் மறக்க மாட்ட, எவனையும் வுட மாட்ட, நீயே வச்சிக்க" என்றீர்கள். வாங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? செத்த மனிதரின் திருட்டைத் தேடினேன்! மற்ற மூன்று பேரிடமிருந்த சீட்டையும் வாங்கிப் போட்டு, லூசியம்மாளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். முப்பத்தொன்று இருந்தது. முப்பத்திரண்டாவது, அவர் சட்டைப் பையிலிருந்து காந்திமதி எடுத்துக் கொடுத்தது.

சாமியம்மாள் என்று ஒரு சீட்டும் இல்லை. ராஜாங்கம் என்று டப்பாவில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று.

"அக்கா, உம்பேர எடுத்துட்டு அந்த எடத்துல தம்பேரப் போட்டு வச்சிருக்குது இந்த மனுஷன்" என்றாள் லூசியம்மாள்.

"எப்பலேர்ந்துடி?"

"காயிதம் பழுத்துப் போயிருக்குது. நீ ஆபரேசன் பண்ணிகினு வந்தியே, அப்பலேர்ந்துதான் இருக்கும்."

என் முறையை வேறு யார் தலையிலும் ஏற்றவில்லை. தன் தலையில் ஏற்றிக்கொண்டார். யாருக்கு வரும் இந்த மனசு! அப்படியானால் நான் போட்ட விளக்கெல்லாம் யாருக்கு? நம்மை நடத்துவது தலையெழுத்தா, சாமியா, டப்பாவுக்குள் போகும் ஒரு கையா? சாமி என்று நினைத்திருந்தபோது நிம்மதியாகத் தூங்கினேன். மனிதர் என்று தெரிந்தது, அந்த மனிதரும் இல்லை. இங்கே வரும்போது மரமில்லாத வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. போன சனிக்கிழமை வந்தது எந்தச் சீட்டு? இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன். ஒரே மை, ஒரே மடிப்பு, ஒரே பழுப்பு. காந்திமதி, உன் புருஷன் தன் முறைக்குப் போனாரா, என் முறைக்குப் போனாரா? உன் முகத்தைப் பார்த்து இதைக் கேட்கத்தான் மூன்று நாளாகப் பயந்தேன். உனக்கும் தெரியாது. எனக்கும் சாகிறவரை தெரியப்போவதில்லை.

ராஜாங்கம், அந்தச் சித்திரையை நான் மறக்கவில்லை. இதையும் மறக்க மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தாயே, அதை மன்னிக்கவும் மாட்டேன்.

இன்று சனிக்கிழமை. அடுத்த வாரத்துக்குச் சீட்டு எடுத்தாக வேண்டும். டப்பா என் கையில். என் பெயர் உள்ளே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கேட்பார் யாருமில்லை. நேற்றுவரை அந்த நினைப்பும் எனக்கு இருந்தது.

உங்கள் முன்னால் சொல்கிறேன். ராஜாங்கம் என்று எழுதிய இரண்டு சீட்டும் இதோ, உள்ளே போகின்றன. கிழிக்க மாட்டேன். பெயர் மாற்ற மாட்டேன். எது வந்தாலும் போகிறவள் நான்.

அவர் சட்டையைப் பிடித்த கை இது. பார்த்துக்கொள்ளுங்கள். லூசியம்மா, டப்பாவைக் கெட்டியாகப் பிடி. எடுக்கிறேன்.