பதினஞ்சாவது பொட்டு

புது எவர்சில்வர் பாத்திரத்துல ஒட்டியிருக்கற லேபிளை நகத்துல சொரண்டக் கூடாதுங்க சார். தேங்காயெண்ணெ தடவிப் பத்து நிமிசம் உட்டுட்டுத் துணியில தொடச்சா, பசையோட வந்துரும். அவசரப்பட்டாக் கீறல்தான் மிஞ்சும். நான் எதுலயும் அவசரப்பட மாட்டனுங்க.

என்ற தம்பி மிதுனுக்கு ஒம்பது வயசு இருக்கறப்ப அம்மா தவறிட்டாங்க. அவனுக்காக நான் கல்யாணமே வேண்டான்னுட்டேன். அவிநாசியில எங்க ஊட்டுல ஒரு கறை பாக்க முடியாதுங்க. கீதாவக் கட்டிட்டு வந்தான், அன்னையிலிருந்து பாத்ரூம் கண்ணாடியில ஸ்டிக்கர் பொட்டு. மூஞ்சி கழுவறதுக்கு முன்னால நெத்தியில இருக்கறத எடுத்து அங்க ஒட்டிருவா, அப்பறம் வந்து புதுசு வெச்சுக்குவா. பதினாலு எண்ணினேன். எடுத்துப் போடு அம்மணின்னாச் சிரிப்பா. அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாதுங்க.

அன்னைக்கு மிதுன் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போனப்பறம், எண்ணெக் கிண்ணத்தோட நானே கண்ணாடிகிட்டப் போய் நின்னேன். அவ வந்தா. நெத்தியில இருந்த பச்சைப் பொட்டை எடுத்து என் கண்ணு முன்னாலயே ஒட்டிபோட்டு, தண்ணித் தொட்டியில குனிஞ்சுட்டே சொன்னா.

"அக்கா, அடுத்த மாசம் நாங்க கோயமுத்தூருக்கே குடி போறமுங்க. நீங்க இங்க நிம்மதியா இருங்க."

நிம்மதியாம். என்ற தம்பியக் கூட்டிட்டுப் போறவ எனக்கு நிம்மதி தாராளாம்.

பிடரியில கைய வெச்சு அமுக்கினனுங்க. தொட்டி நெறைய தண்ணி. சித்த நேரம் கைய ஒதறினா, அப்பறம் ஒதறல. லேபிளுக்கு ஆகற நேரங்கூட ஆகல.

அவ அப்படியே கெடந்தா, எனக்குத் தொந்தரவு இல்லீங்க. நான் கண்ணாடிக்கு எண்ணெ தடவினேன். பழைய பொட்டெல்லாம் பசை காஞ்சு கெடந்துச்சு, ஊற உட்டுத்தான் எடுத்தேன். அந்தப் பச்சை மட்டும் தொட்டதுமே வந்துருச்சு. கண்ணாடி பளிச்சுனு ஆனப்பறந்தான் சந்தைக்குப் போனேன்.

மொதல்ல உங்ககிட்ட, கண்ணாடியத் தொடச்சுபோட்டுச் சந்தைக்குப் போனேன், திரும்பி வந்து பாத்தா கீதா தொட்டியில விழுந்து கெடந்தான்னு சொன்னேன். நீங்களும் எழுதிக்கிட்டீங்க. உங்க போலீஸ்காரப் புள்ள நிலோஃபர்தான் கேட்டா.

"ஏனுங்கக்கா, நீங்க போனப்பறம் மூஞ்சி கழுவ வந்தாங்கன்னா, அவங்க நெத்தியில இல்லாத பொட்டு இப்பக் கண்ணாடியில இருக்கோணுமில்லீங்க?"

பொட்டே வெக்காத புள்ளைக்கு அது எப்படித் தோணுச்சோ. குப்பைக்கூடையில கெடந்த எண்ணெத் துணியப் பிரிச்சா, உள்ள அந்தப் பச்சைப் பொட்டு. முந்தின நாள் சாயங்காலம் மிதுன் ஆசையா வாங்கிட்டு வந்த பச்சைப் பொட்டு அட்டையில அது ஒண்ணுதான் கொறஞ்சிருந்துச்சு. அவ மூஞ்சி கழுவ வந்தப்பறந்தான் நான் கண்ணாடியத் தொடச்சேன்னு அதுவே சொல்லிப்போடுச்சு.

ஒத்துக்கறனுங்க, நாந்தான் செஞ்சுபோட்டேன். கையெழுத்து எங்க வேணுமோ போட்டுத் தாரேன். மூணு நாளாச்சு, மிதுன் இன்னும் என்னையப் பாக்க வரலீங்க. வருவான். இனி அவனுக்கு என்னைய உட்டா ஆரு இருக்கா.