சுண்ணாம்புக் கோடில்லாத நட்டு

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் ஐயாதுரை அண்ணாச்சி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மேனேஜர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு இருக்கும் சமுத்திரத்தின் மனைவி சுடலையம்மாள் அக்கா, தேவதானத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, மூன்று ஷிப்ட் தோழர்களே, வணக்கம்.

நம் மில்லின் ஃபிட்டர், தோழர் சமுத்திரம் போய்விட்டார். திங்கட்கிழமை காலை, பஞ்சை அடிக்கும் பீட்டர் மெஷினின் பெல்ட் சக்கரம், அந்தப் புல்லி, கழன்று வந்து அவர் நெஞ்சில் அடித்தது. அவர் படத்துக்கு விழுந்த மாலைகளில் பெரியது மேனேஜர் கொண்டு வந்தது. ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்டில் எதிரே வந்தபோதெல்லாம் அவருக்குத் தலையைக்கூட அசைக்காத நீங்கள், இன்று ஆள் உயர மாலையோடு வந்தது ஏன்? துக்கமா? பயமா?

கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். ஃபிட்டர் நட்டைச் சரியாக முடுக்காததால் விபத்தாம். யார் முடுக்கவில்லை? சமுத்திரமா!

தினமும் திறந்து மூடும் மெஷின் மூடிக்குக் கையாலேயே திருகக் காது வைத்த விங் நட்டு போடுவார். அதிரும் மோட்டாரின் அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நட்டு. மேலே உள்ளது கீழே உள்ளதை அசையவிடாது. ஆட்கள் உரசிப் போகும் இடத்தில் தொப்பி போல மூடிய நட்டு. "பொம்பளையாளுக சேலை மாட்டிக்கிரும்லே" என்பார். புல்லி மாட்டிய, சுழலும் தண்டின் நுனியில் மட்டும் கேஸில் நட்டு. அதன் தலையில் பள்ளம் வெட்டியிருக்கும். பள்ளத்தின் வழியே தண்டுக்குள் ஒரு பின் செருகுவார். பின் இருக்கும்வரை நட்டு திரும்பாது. சாதா நட்டு அங்கே அதிர்வில் தானே கழலும்.

எதை முடுக்கினாலும், வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு நட்டையும் தண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுப்பார். நட்டு நகர்ந்தால் கோடு ஒடிந்து காட்டிக்கொடுக்கும். "வெத்தல உமக்கா மெஷினுக்கா?" என்று அவருடைய ஹெல்பர் மாரிச்சாமி கிண்டல் செய்வான். "அதுக்கும் வாய் இருக்குலே, நம்மளத்தான் திங்கும்" என்பார்.

சனிக்கிழமை பீட்டரின் கேஸில் நட்டு மரை தேய்ந்துவிட்டது. ஸ்டோரில் வேறு இல்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷம் இது! ராஜபாளையம் முழுக்க மில் சங்கு ஊதுகிறது, ஒரு நட்டுக்கா பஞ்சம்? சூப்பர்வைசர் ஒரு சாதா நட்டை நீட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏலே, இதப் போட்டு ஓட்டு. பொறவு மாத்திக்கிடலாம்."

"நீங்க போடுங்க சார். போட்டுட்டு, புல்லிக்கு நேரா ஸ்டூலப் போட்டு செத்த நேரம் உக்காருங்க. பாப்போம்."

சமுத்திரம் மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். ஞாயிறு அவருக்கு லீவு. திங்கட்கிழமை வந்து பார்த்தால் பீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது! "எவம்லே ஓட்டுனது, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே சுவிட்சை நோக்கி ஓடினார். போய்ச் சேரவில்லை.

மெஷினுக்கு அடியிலிருந்து அந்த நட்டை நான்தான் எடுத்தேன். சாதா நட்டு. சுண்ணாம்பின் சுவடே இல்லை, தண்டிலும் இல்லை. அவர்மேல் பழி போடத் தெரிந்தவர்களுக்குக் கோடு போடத் தெரியவில்லை!

யார் மாட்டியது? யார் சொல்லி மாட்டியது? ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்ய மூன்று பேர் உள்ளே போனீர்கள். மூவரும் இந்தப் பந்தலில்தான் இருக்கிறீர்கள். எவர் என்று எனக்குத் தெரியாது. அதனால் மூவரையும் சந்தேகப்படுகிறேன். ஒருவர் என் சொந்த மச்சான். சற்றுமுன் அவர் நீட்டிய டீயை நான் வாங்கவில்லை. மிரட்டி மாட்டச் சொல்லியிருந்தால் குற்றம் மிரட்டியவருடையது. அதைச் சொல்ல என்ன தடை?

புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரணை. ஒருவரும் வாய் திறக்காவிட்டால், தன் சாவுக்குச் சமுத்திரமே காரணம் என்று முடித்துவிடுவார்கள். நேற்று அக்கா கேட்டார்: "அவிய முடுக்க மறந்துட்டாவன்னு எம்பிள்ளைகட்ட நானே சொல்லணுமா தம்பி?" தோழர்களே, நான் என்ன பதில் சொல்ல?

தோழர் சமுத்திரமே! நீங்கள் மாட்ட மறுத்ததை நாங்களும் மாட்ட மாட்டோம். எவர் நீட்டினாலும், எவர் மிரட்டினாலும் மாட்ட மாட்டோம்!

இத்தகைய கூட்டத்தை மௌனமாக எழுந்து நின்று முடிப்பது வழக்கம். இன்று வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து மூன்று பேர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். மைக்கை அணைக்காமல் வைத்துவிட்டு இறங்குகிறேன். மூவரில் ஒருவர் எழுந்து வாருங்கள்.