ஏழாம் நம்பர் சிலிண்டர்

இடம்: வடக்கு மினசோட்டாவில் ஏரிக்கரையில் உள்ள துடுப்புத் தொழிற்சாலையின் அலுவலக அறை. மே 28, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

இருந்தவர்கள் மூவர். முதலாளி டார்லீன் நைகார்ட், ஜன்னலோர மேசையில். கடிதங்களும் சம்பளப் பட்டியலும் பார்க்கும் மேவிஸ், கணிப்பொறியின் முன்னால். அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஏழாம் எண் தீயணைப்பு சிலிண்டர். இயந்திரங்களைப் பராமரிக்கும் ரூடி கோஸ்கிக்கு நாற்காலி போட்டிருந்தது. ஆனாலும் அவர் கதவோரம், கவிழ்த்த வார்னிஷ் வாளியின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

டார்லீன்: ...அழுது பிரயோஜனம் இல்லை ரூடி. போஸ்ட் வண்டி நாலு மணிக்கு. இன்ஸ்பெக்டருக்கு எழுதற பதில்ல இன்னிக்குத் தேதி முத்திரை விழணும்.

ரூடி: நான் எங்கே அழுதேன்? மரத்தூள்.

டார்லீன்: சரி, மரத்தூள்.

ரூடி: விழலேன்னா... சிலிண்டர் பார்க்கற வேலையிலேருந்து என் பேரை எடுத்துருவாங்களா?

டார்லீன்: எடுத்துருவாங்க. முப்பத்தோரு சிலிண்டரையும் மாசாமாசம் பார்க்க வெளியாள் வருவான். இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர் தெளிவா எழுதியிருக்கார்.

ரூடி: வெளியாளா! வார்னிஷ் ரூம் சிலிண்டரைக் கவுத்துத் தட்டினாத்தான் உள்ள பவுடர் உதிரும்னு அவனுக்குத் தெரியுமா? பதினோரு வருஷம் டார்லீன். ஒரு மாசம் விட்டதில்லை.

டார்லீன்: விட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. நீ ஒரு மாசம் சேர்த்துல்ல பார்த்திருக்கே! மேவிஸ், அவர் கடிதத்தைப் படி.

மேவிஸ்: "கேள்வி ஒன்று. நான் ஆய்வுக்கு வந்த நாள் மே இருபத்தாறு. ஆனால் சிலிண்டர்களில் தொங்கும் எல்லா அட்டைகளிலும் ஜூன் மாதக் கட்டத்தில் ஏற்கெனவே கையெழுத்து உள்ளது. சிலிண்டரைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவது இங்கே வழக்கமா?"

ரூடி: பார்த்தேன்!

டார்லீன்: இன்னும் பொறக்காத ஜூனை எப்படிப்பா பார்த்தே?

ரூடி: போன வெள்ளிக்கிழமை காலையில மே மாசத்துக்கு ஒரு சுற்று. முள் பச்சையில நிக்குதா, கைப்பிடியில பின் இருக்கா, சீல் உடையாம இருக்கா, குழாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருக்கா... எல்லாம். அப்புறம் சாப்பிட்டேன். சாப்பிட்டு வந்து ஜூனுக்கு ஒரு சுற்று.

டார்லீன்: ...மறுபடியுமா?

ரூடி: முதல்லேருந்து.

டார்லீன்: கவுத்துத் தட்டினியா?

ரூடி: முப்பத்தொண்ணையும். தோள்பட்டை இன்னும் வலிக்குது.

மேவிஸ்: பாவம், அன்னிக்கு ராத்திரி உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் பரிமாறற கரண்டியைக்கூடத் தூக்க முடியலே.

டார்லீன்: எந்த ஹாட்டிஷ்?

மேவிஸ்: ...சர்ச் சாப்பாட்டுல.

டார்லீன்: சர்ச் சாப்பாடு புதன்கிழமை. இவன் சிலிண்டர் தூக்கினது வெள்ளிக்கிழமை.

மேவிஸ்: மணி ஆகுது. டைப் அடிக்கட்டுமா?

டார்லீன்: அடி. "ஜூன் மாதம் முழுவதும் நான் விடுப்பில் இருப்பதால், வேலை தடைபடக் கூடாதென்று முன்கூட்டியே பார்த்தேன். அது தவறு. அந்தக் கையெழுத்துகளை அடித்துவிட்டேன். ஜூனில் முதலாளியே பார்ப்பார்."

ரூடி: நீங்களா? உங்களுக்கு முட்டி வலி இருக்கே.

டார்லீன்: என் முட்டியை விடு. மேல எழுது. "நான் மீன் பிடிக்கப் போவதால்..."

ரூடி: அது வேண்டாம்.

டார்லீன்: லீவு சீட்டுல நீதானே எழுதினே, மீன் பிடிக்கன்னு?

ரூடி: அது லீவு சீட்டு. இதுல கையெழுத்துப் போடணும். நடக்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

டார்லீன்: எனக்கும் அப்பவே சந்தேகம். ஏரி வாசல்லயே கிடக்கு, மீனுக்கு எதுக்கு முப்பது நாள்? சரி, என்ன காரணம்?

ரூடி: அது சொந்த விஷயம்.

டார்லீன்: மேவிஸ், உன் லீவும் ஜூன் ஒண்ணுலேருந்துதானே?

மேவிஸ்: டுலூத்ல எங்க அக்கா வீட்டுக்கு.

டார்லீன்: கிறிஸ்துமஸ்லேருந்து நீயும் அக்காவும் பேசிக்கறதில்லையே.

மேவிஸ்: சமாதானமாப் போகலாம்னு...

டார்லீன்: முப்பது நாளாவா? அவ்வளவு பெரிய சண்டையா?

ரூடி: ஆறாம் தேதி கல்யாணம்.

மேவிஸ்: ரூடி!

ரூடி: கேட்டாங்க மேவிஸ். நான் என்ன செய்யட்டும்?

டார்லீன்: யாருக்குக் கல்யாணம்? வாயால சொல்லுங்க, காது குளிரக் கேக்கறேன்.

மேவிஸ்: எங்களுக்குத்தான். சிரிக்காதீங்க. துடுப்பு செதுக்கறவங்களுக்குத் தெரிஞ்சா, ரெண்டு துடுப்பைக் கட்டி வாசல்ல தொங்க விடுவாங்க. அதான் சொல்லலே.

டார்லீன்: அவங்க எதுக்கு? நானே தொங்க விடறேன்! அடி, "என் திருமணத்தை முன்னிட்டு". போடு ரூடி, இதுக்குக் கையெழுத்து வருமா?

ரூடி: வரும்.

டார்லீன்: சந்தோஷம். ஆனா ரெண்டாம் கேள்விதான் கழுத்தைப் பிடிக்குது. படி.

மேவிஸ்: "ஏழாம் எண் சிலிண்டர் மட்டும், மாதம் ஒருமுறைக்குப் பதில், செப்டம்பரிலிருந்து வாராவாரம் பார்க்கப்பட்டுள்ளது. முப்பத்தாறு கையெழுத்துகள். அட்டையில் இடம் போதாமல் இரண்டு அட்டைகள் கூடுதலாகக் கட்டப்பட்டுள்ளன. அது கசிகிறதா? அதை மறைக்கிறீர்களா?"

ரூடி: நான் எதையும் மறைக்கலே!

டார்லீன்: பின்னே ஏன்? உனக்கு அதுமேல என்ன தனிப் பாசம்? உன் பின்னாடிதானே இருக்கு மேவிஸ், ஏதாவது புரியுதா?

மேவிஸ்: எனக்கு முதுகுல கண்ணா இருக்கு?

ரூடி: அது திரும்பிக்குது டார்லீன். எழுத்து இருக்கற பக்கம் வெளியே தெரியணும். அவசரத்துல எடுக்கறவன் படிக்கணும்ல? இது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சுவரைப் பார்த்துட்டு நிக்கும். தொட்டுத் திருப்பினா முழுசாப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடணும். போட்டேன்.

டார்லீன்: தானாத் திரும்புதா?

ரூடி: கொக்கியை மூணு தடவை மாத்திட்டேன். ரம்பம் ஓடற அதிர்வா இருக்கும்.

டார்லீன்: வெள்ளிக்கிழமை மட்டும் ரம்பம் அதிருமா?

ரூடி: எனக்கும் புரியலே. ஆனா என் அதிர்ஷ்டம் அதுலதான். வெள்ளிக்கிழமை வேலை நேரச்சீட்டை வாசல்லயே கொடுத்துட்டு ஓடறவன் நான். அதைத் திருப்ப உள்ள வந்தப்பத்தான் மேவிஸ், "காபி குடிக்கறீங்களா"ன்னு கேட்டா.

டார்லீன்: முப்பத்தாறு வாரமும் கேட்டாளா?

மேவிஸ்: முப்பத்தஞ்சு. ஒரு வாரம் பால் தீர்ந்துபோச்சு.

டார்லீன்: இதை எப்படி எழுதறது? "தானாகத் திரும்புகிறது"ன்னா அந்த மனுஷன் பேய் ஓட்டறவரை அனுப்புவார். மணி மூணே முக்கால்!

மேவிஸ்: என்கிட்ட விடுங்க. நானே எழுதறேன்... இருங்க... ஆச்சு. கையெழுத்துப் போடுங்க.

ரூடி: எங்கே?

மேவிஸ்: இங்கே.

டார்லீன்: ஏய் ரூடி! படிக்காமலா போட்டே? ஒரே சிலிண்டரை ஒரே நாள்ல ரெண்டு தடவை பார்த்தவன்!

ரூடி: மேவிஸ் அடிச்சது. பார்க்கத் தேவையில்லை.

டார்லீன்: அடேங்கப்பா. கொடு, முதலாளி நான் படிக்கறேன்... ஓ. ...ஓஹோ!

ரூடி: என்ன?

டார்லீன்: ஒண்ணுமில்லை. பிரமாதமா இருக்கு. உறை எங்கே? நானே ஒட்டறேன். இந்தா, நாக்குல பசை... ஒட்டியாச்சு.

மேவிஸ்: ஹாரன் கேக்குது!

டார்லீன்: முட்டி வலிச்சாலும் நானே ஓடறேன். யாரும் எழுந்திருக்காதீங்க!

ரூடி: கொடுத்துட்டாங்களா? ஜன்னல்ல தெரியுதா?

மேவிஸ்: வண்டிக்காரர் கையிலயே கொடுத்துட்டாங்க. கிளம்பிருச்சு.

ரூடி: என் பேரை எடுக்க மாட்டாங்கள்ல?

மேவிஸ்: எடுக்கவே முடியாது.

ரூடி: அவ்வளவு உறுதியாச் சொல்றே... ஏழாம் நம்பருக்கு அப்படி என்னதான் எழுதினே?

மேவிஸ்: நீ கையெழுத்துப் போடறதாச்சே, உண்மையைத்தான். "சிலிண்டரில் ஒரு கோளாறும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தவள், இதைத் தட்டச்சு செய்யும் மேவிஸ். இந்த மனிதரை என் மேசைப் பக்கம் வரவழைக்க வேறு வழி தெரியவில்லை."