பெரிய எழுத்தில் இருநூற்றுப் பத்து

அதிகாலை மூன்று பத்து. விமான நிலைய வேலியை ஒட்டிப் போகிற சாலை. ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் இடுப்பளவு புல். நடுவில் ஒரே ஒரு வேன்... அதற்குள் டிரைவரைத் தவிர ஒருவன் மட்டும்.

"ஒருத்தன்னா யாரு? முன்னாடியே சொல்லிடுங்கக்கா, எனக்கு நெஞ்சு வீக்கு" என்றான் எங்கள் குழுவின் குண்டன்.

வெளியே பனிமூட்டம். எங்கள் விமானம் கிளம்பவில்லை. பணியாளர் ஓய்வறையில் ஒரே கம்பளிக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம்.

"என் தோழியோட அண்ணன்டா. துணை விமானி. வாயை மூடிட்டுக் கேளு" என்றேன்.

அன்று அவனுக்குத் தொடர்ந்து நான்காவது ராத்திரி டியூட்டி. வீட்டில் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். அவளுடைய அப்பாவும் விமானிதான். போன வருஷம் இறந்துபோனார். தூக்கம் வராமலிருக்க எப்போதும் கிராம்பு மெல்லுவாராம். வேனில் ஏறியதுமே அந்த வாசனை... டிரைவர் மெல்லுகிறார் போல என்று இவன் விட்டுவிட்டான். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு.

விமானத்தில் இடது இருக்கையில் 'கொட்டாவி' கேப்டன். பெயருக்கு ஏற்றபடி வரவேற்றார்.

"தூங்கினியா?"

"இல்ல சார். நீங்க?"

"அதெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம்."

அந்த ஊரிலிருந்து மேலேறும்போது ஒரு மலை வரும். அதற்கு முன்னால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பி முடிக்கும் இடம் வரை வேகம் இருநூற்றுப் பத்தைத் தாண்டக் கூடாது. வேகம் கூடினால் வட்டம் பெரிதாகும். வட்டம் பெரிதானால்... மலை. அந்த இடம் வரை கம்ப்யூட்டரே வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும். தாண்டிய பிறகுதான் இருநூற்றைம்பதுக்கு விடும். திரையில் அது தானாகக் கணக்குப் போட்ட வேகம் சின்ன எழுத்தில் தெரியும். மீறக் கூடாத வேகம் பெரிய எழுத்தில் நிற்கும். அதை ஒருமுறை அழித்துவிட்டால் தானாகத் திரும்பி வராது. யாராவது கையால் தட்டிப் போட்டால்தான் உண்டு.

கிளம்பினார்கள். சக்கரங்கள் உள்ளே போன சத்தம். பிறகு இவன் ஹெட்போனில், டவரிலிருந்து பேசுவது போல ஒரு குரல், நிதானமாக... "வேகக் கட்டுப்பாடு எதுவும் இல்லை."

அப்பாடா, சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம். "கட்டுப்பாடு இல்லை, நன்றி" என்று பதில் சொன்னான். பெரிய எழுத்தில் இருந்த இருநூற்றுப் பத்தை அழித்தான். அந்த இடத்தில் சின்ன எழுத்தில் இருநூற்றைம்பது வந்தது. விமானத்தின் மூக்கு லேசாகத் தாழ்ந்தது. வேகம் ஏறத் தொடங்கியது.

அப்போது கிராம்பு வாசனை. வேனில் வந்ததைவிட நெருக்கமாக... காதுக்குப் பின்னால்.

டக்... டக்... டக்...

ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டுகிற சத்தம். திரையில் பெரிய எழுத்தில் இருநூற்றுப் பத்து. உறுதி செய்கிற பொத்தானின் குட்டி விளக்கு எரிந்து அணைந்தது. மூக்கு நிமிர்ந்தது. விமானம் திரும்பியது. ஜன்னலில் மலை உச்சியின் சிவப்பு விளக்கு... நட்சத்திரம் அளவில் தெரிய வேண்டியது, எலுமிச்சை அளவில் தெரிந்ததாம்.

வெகுநேரம் கழித்து, "நல்லவேளை, திரும்பப் போட்டுட்ட" என்றார் கேப்டன்.

"நான் போடலையே சார். நீங்க போட்டீங்கன்னு நினைச்சேன்."

அவர் கொட்டாவி பாதியில் நின்றது. "டவர் சொன்னதே என் காதுல விழல. தூங்கிட்டேன் போலன்னு வெட்கப்பட்டு, உன்கிட்ட கேக்கல."

டவரில் இருந்தவருக்கும் அரைத் தூக்கம். இவன் பதிலைக் கேட்டதும், நாமேதான் சொல்லியிருப்போம் என்று நினைத்துவிட்டாராம். மூன்று நாள் கழித்து, இவன் கெஞ்சியதில் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். கட்டுப்பாடு இல்லை என்று சொன்ன குரல் அதில் இல்லவே இல்லை. வெறும் இரைச்சல். அப்புறம் இவன் குரல் மட்டும்... யாருக்கோ நன்றி சொல்கிறது.

இவன் குரலுக்கு அடியில் ஏதோ முணுமுணுப்பு. இவனுக்குப் புரியவில்லை. போனில் பதிந்துகொண்டு வந்து, பால் காய்ச்சிக்கொண்டிருந்த மனைவியிடம் போட்டுக் காட்டினான்.

"அப்பா!" என்றாள். கண் நிறைந்துவிட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மாமாதானே? அன்னிக்கு என்னைக் காப்பாத்தினது அவர்தான்னு எனக்கு அப்பவே தெரியும். என்ன சொல்றார்? அழிக்காதேங்கிறாரா?"

அவள் இன்னொரு தடவை கேட்டாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகியது. இருவரும் நகரவில்லை.

"'மாப்பிள்ளைய விட்டுடு... எம்பொண்ணு மாசமா இருக்கா'ங்கிறார்."

போனைக் கீழே வைத்தாள்.

"அப்பா உங்ககிட்ட பேசலைங்க... உங்க காதுல 'கட்டுப்பாடு இல்லை'ன்னு சொன்னவன்கிட்ட பேசறார்."