நீலக் கேபிளின் மறுமுனை

இல்லை, மஞ்சள் கேபிள் இன்டர்நெட்டுக்கு. நீங்கள் கழற்ற நினைத்தது நீலம். சரி, அதையும் கழற்றிவிட்டீர்கள். இனி உட்காருங்கள். நாற்காலியின் இடது கால் மட்டும் கொஞ்சம் ஆடும்.

எனக்குக் கோபமில்லை, இனாயா. உங்கள் வாப்பா மஹ்ரூப் மாமாவின் துணிக்கடைக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்தான். பதுளையில் இந்தத் தெருக் கடைகள் எல்லாமே அப்படித்தான். அவர் தன் வாழ்க்கையை ஒற்றை விரலால் தட்டி எழுதிக்கொண்டிருந்தார், நாளுக்கு அரைப் பக்கம். பிரதி எடுத்துவைக்கச் சொல்லி என்னிடம் பென் டிரைவைக் கொடுத்தால் வைரஸும் சேர்ந்து வந்தது. அதனால் பலகையில் துளை போட்டு, அவருடைய கம்ப்யூட்டரையும் என்னுடையதையும் அந்த நீலக் கேபிளால் நேராக இணைத்தேன். இரண்டுக்கும் கையால் நெட்வொர்க் எண் கொடுத்தேன். கடைசி இலக்கம் மட்டும் வேறு, அவருக்கு ஒன்று, எனக்கு இரண்டு. அவருடைய ஃபோல்டரைப் பகிர்ந்தபோது வாசிக்கும் அனுமதியை மட்டும் எடுத்திருக்கலாம். மாற்றும் அனுமதியையும் எடுத்துக்கொண்டேன். ஒரு சின்னச் சதுரத்தில் சரி போடுவதுதான் அது.

முதலில் காற்புள்ளிகளைத்தான் திருத்தினேன்.

ஆனால் அறுபது பக்கத்தில் ஒருவர்கூடக் காணாமல் போகவில்லை. நான் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பத்தாம் பக்கத்துக்குள் யாராவது பனியில் தொலைந்துவிடுவார்கள். ஆகவே மாமாவுக்கு முன்ஸிப் என்று ஓர் அண்ணனைக் கொடுத்தேன். அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கி, மூட்டத்துக்குள் நடந்துபோய், திரும்பி வராதவர். ஒன்றரைப் பக்கம்.

மாமாவின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். காலையில் முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார். முதல் நாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் பலகையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"அஸ்ஹர் மகன், எனக்கு ஒரு நானா இருந்தார், தெரியுமா? கூடப் பொறந்தவரையே மறந்துபோய் இருந்திருக்கேன். என்ன மனுசன் நான்."

"எப்படி இருப்பார், மாமா?"

"என்னைவிட வடிவு. இடது கைப் பழக்கம்."

இடது கையை நான் எழுதவில்லை. அது அவராகச் சேர்த்தது. அதைக் கொஞ்சம் கவனத்தில் எடுங்கள்.

அடுத்த மாதம் முன்ஸிப்பின் பெயரில் குர்ஆன் கத்தம் ஓதிச் சோறு கொடுத்தார். ஐந்து பேரோடு நானும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டேன். இறைச்சி நன்றாக வெந்திருந்தது.

உங்கள் உம்மாதான் ஒத்துழைக்கவில்லை. "நாலு தங்கச்சிமாரோட இவர் ஒரே ஆம்பளப் பிள்ள. இந்த நானா என்ன, மழைக்கு மொளைச்சவரா?" என்று ஸைனப் மாமி வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். பிறகு மாமாவை டொக்டரிடம் கூட்டிப்போனார். குளிசை கொடுத்தார்கள். மாமா மெலிந்துகொண்டே போனார். தனக்கு ஓர் அண்ணன் இருந்தாரா இல்லையா என்ற சந்தேகத்தோடு ஒருவர் வாழ்வது கொடுமை. அதை நிறுத்த எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் மாமி முக்காட்டுத் துணி வாங்க முதன்முதலாகக் கடைக்கு வருவார். அன்றைக்கு வெலிமடையிலிருந்து அவர் வரும் பஸ்ஸை ஒரு மண்சரிவில் நிறுத்திவைத்தேன். யாருக்கும் காயமில்லை. அவ்வளவுதான் செய்தேன். அதற்குப் பிறகு கல்யாணம், நீங்கள் பிறந்தது, உங்கள் பள்ளிக்கூடம் எல்லாம் பிடிமானமில்லாமல் நின்றன. எடுத்துவிட்டேன். உங்களைத் தனியாக நினைத்து அழிக்கவில்லை, அதை நம்புங்கள்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் காலை மாமா தன் வீட்டில் ஓர் அந்நியப் பெண் சமைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கண்ணியமானவர், தெரியாத பெண்ணோடு ஒரே கூரையின் கீழ் இருக்க மாட்டார். அன்றிலிருந்து கடையில்தான் படுக்கை. மாமி கொடுத்தனுப்பும் சோற்றை, யார் வீட்டுச் சோறோ என்று மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்புகிறார். நேற்று நீங்கள் கொழும்பிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றபோது, சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றும் எடுத்து விரித்துக் காட்டினார். நீங்கள் அழுததும், பச்சை பிடிக்கவில்லையாக்கும் என்று அதை மட்டும் மடித்துவைத்தார்.

பழைய பிரதி இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, என் கம்ப்யூட்டரில், அவர் எழுதியபடியே. இரண்டையும் மறுபடி இணைத்தால் நான்கு நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விடும். மாமாவும் நாளைக் காலை வாசிப்பார். ஆனால் அதில் முன்ஸிப் இல்லை. தேடுகிற தம்பி ஒருவர் உயிரோடு இருக்கும்போது, அண்ணனை இல்லாமல் ஆக்கிவிட என்னால் முடியாது. ஒரு மனிதரை அப்படித் துடைத்துப்போடுகிறவன் இல்லை நான்.

இன்று காலை மாமியிடமும் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையிலிருந்த சோற்றுப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, பலகைச் சுவர்ப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கத்தில் மாமா யாருக்கோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"பொஞ்சாதியா எழுதச் சொல்லல்ல, மகன்," என்றார். "நாலு தங்கச்சிமார் இருக்கிற எடத்துல அஞ்சாவதா என்னையும் எழுதுங்க. கூடப் பொறந்தவ எண்டா ஊட்டுக்கு வருவார்தானே. என்ட கையால சோறு தின்பார்தானே. அது போதும் எனக்கு. எழுதுறீங்களா?"